எது முதலில் சாகும்?

1974-இல் காரைக்குடியில் ஒரு ரேடியோ கடையில் எடுபிடியாகச் சேர்ந்தேன். வயது பதினாறு. முதல் ஆறு மாதம் சால்டரிங் அயர்னைத் தொடவே விடவில்லை. பழுதுக்கு வரும் டிரான்சிஸ்டர் ரேடியோக்களின் பின்மூடியைக் கழற்றி, செல் போடும் இடத்தைச் சுத்தம் செய்வதுதான் என் வேலை. செல் கசிந்து ஸ்பிரிங்கில் பச்சையாகப் பூத்திருக்கும். உப்புத்தாளால் தேய்த்து, ஸ்பிரிட்டில் துடைத்து, புது செல் போட்டால் பாதி ரேடியோக்கள் அப்படியே பாடிவிடும்.

கடைக்காரரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். எந்த செட் வந்தாலும் ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுக்கும் முன் என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்பார். "டேய், இதுல எது செத்திருக்கும்னு சொல்லு பார்ப்போம்." செட்டை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்க்கச் சொல்வார், ஸ்பீக்கரில் காதை வைக்கச் சொல்வார். ம்ம்ம் என்று இரைந்தால் ஃபில்டர் கண்டென்சர். பாடிக்கொண்டே இருந்தது தேய்ந்து தேய்ந்து அடங்கினால் செல். அவரிடம் இருந்த பதினோரு வருஷமும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே தொழிலைக் கற்றேன்.

அப்போது கிராமத்து ரேடியோவுக்கு செல்தான் பெரிய செலவு. சாயந்திரம் இலங்கை வானொலியில் பாட்டு கேட்க வேண்டும் என்பதற்காகப் பகலில் செட்டைத் திறக்கவே மாட்டார்கள். சக்தி இறங்கிய செல்லை முறத்தில் போட்டு வெயிலில் காய வைப்பார்கள். சூடு ஏறினால் கொஞ்ச நேரத்துக்கு உயிர் வரும். ஒருமுறை ஒரு பெரியவர் அப்படிக் காய வைத்த நான்கு செல்லைத் துண்டில் முடிந்துகொண்டு வந்து, மீட்டரில் பார்த்துச் சொல்லும்படி கேட்டார். 1.1 வோல்ட் காட்டியது. "இன்னைக்கு ராத்திரிக்குத் தாங்குமா தம்பி?" என்றார். தாங்காது என்று சொல்ல மனம் வராமல் அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் பேசாமல் கடையில் இருந்த இரண்டு செல்லை எடுத்துக் கொடுத்தார்.

என் தொழிலின் அடிப்படையே அந்தத் துண்டு முடிச்சில் இருந்தது என்பது வெகு காலம் கழித்துத்தான் புரிந்தது. வால்வு செட், டிரான்சிஸ்டர், டேப் ரிக்கார்டர், டெக், சவுண்ட் சர்வீஸ் ஆம்ப், புளூடூத் ஸ்பீக்கர் என்று ஐம்பது வருஷத்தில் என் மேஜைக்கு வந்த எதை எடுத்தாலும், முதலில் செத்தது பெரும்பாலும் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கிற உறுப்புதான். டார்ச் செல் கசியும், ஃபில்டர் கண்டென்சர் காயும், லெட் ஆசிட் பேட்டரி வெளுக்கும், லித்தியம் உப்பும். பாடுகிற உறுப்பு நல்லாயிருக்கும், அதற்குச் சோறு போடுகிற உறுப்பு செத்துக் கிடக்கும்.

1985-இல் சொந்தக் கடை போட்டேன். நான்கு வருஷம் கழித்து ஒரு விசிஆர் வந்தது. கரன்ட் போய் வந்தால் கடிகாரம் பூஜ்யத்துக்குப் போகிறது என்று புகார். போர்டில் நாலணா அளவுக்கு வட்டமாக ஒரு சாமான் இருந்தது. பட்டன் செல் என்று நினைத்துத் திருப்பிப் பார்த்தால், 5.5 வோல்ட், 0.047 ஃபாரட் என்று போட்டிருந்தது. நான் புழங்கிய கண்டென்சரெல்லாம் 1000 மைக்ரோஃபாரட், மிஞ்சினால் 4700. இது 47,000 மைக்ரோஃபாரட். அப்படி ஒன்று செய்தால் சொம்பு அளவுக்கு வரும் என்றுதான் நினைத்திருந்தேன். மீட்டரில் வைத்து சார்ஜ் ஏற்றிப் பார்த்தேன், மேஜை டிராயரில் போட்டு மறுநாள் எடுத்துப் பார்த்தேன். வோல்ட்டேஜ் இருந்தது. பெயர் தெரியாமலே அதன்மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது. அதுதான் நான் பார்த்த முதல் சூப்பர் கெப்பாசிட்டர்.

2012 மின்வெட்டு ஞாபகம் இருப்பவர்களுக்கு அதை விவரிக்க வேண்டியதில்லை. ஒரு மணி நேரம் கரன்ட் இருக்கும், ஒரு மணி நேரம் இருக்காது. சில நாள் இருக்கும் நேரத்தைவிட இல்லாத நேரம்தான் அதிகம். எல்லாரும் 12 வோல்ட், 7 ஆம்பியர் பேட்டரி வாங்கி ரேடியோவுக்கும் விளக்குக்கும் மாட்டினார்கள். ஒரு வருஷம் தாங்கவில்லை. லெட் ஆசிட் பேட்டரி நிறைய மணிக்கணக்கில் சார்ஜ் ஏற வேண்டும். ஒரு மணி நேரம் மட்டும் ஏற்றி, அரைகுறையாக நிற்கும்போதே மறுபடி உறிஞ்சினால் தகட்டில் சல்பேட் படிந்து இறுகிவிடும். செத்த பேட்டரிகள் என் கடை வாசலில் செங்கல் மாதிரி அடுக்கிக் கிடந்தன. கரன்ட் இருக்கிற கொஞ்ச நேரத்தில் வயிறு நிறையக் குடித்துவிட்டு, இல்லாத நேரத்தில் நிதானமாகக் கொடுக்கிற ஒரு சாமான் வேண்டும் என்று அந்த அடுக்கைப் பார்க்கும்போதெல்லாம் தோன்றும்.

அந்தச் சமயம் சிக்ரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர், தன் பழைய டெக்கைச் சரிபார்க்கக் கொண்டு வந்தார். எங்கள் ஊருக்கு சிக்ரி பெரிய பெருமை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலம் கொடுக்க, 1948-இல் நேரு அடிக்கல் நாட்ட, 1953-இல் திறக்கப்பட்ட மின்வேதியியல் ஆய்வகம் அது. பேட்டரி பற்றி வந்த சந்தேகத்தையெல்லாம் அவரிடம் கேட்டேன். ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே சொன்னார்.

"பேட்டரிக்குள்ள ஒரு சமையல் நடக்குது. பொருளே மாறுது, திரும்ப மாறுது. அதுக்கு நேரம் வேணும், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சேதாரமும் உண்டு. சூப்பர் கெப்பாசிட்டர்ல சமையலே இல்ல. அயனிங்க வந்து கரி மேல ஒட்டி நிக்கும், கூப்பிட்டா கிளம்பிப் போயிடும். அவ்வளவுதான்."

என்ன கரி என்று கேட்டேன். பெரும்பாலும் தேங்காய்ச் சிரட்டைக் கரி, அதை ஆவியில் வாட்டி நுண்ணிய துளைகள் விழச் செய்வார்கள் என்றார். அப்படிப்பட்ட கரி ஒரு கிராம் எடுத்து அதன் துளைகளையெல்லாம் விரித்தால் 1600 சதுர மீட்டர் வரும். எங்கள் கணக்கில் சொன்னால் 40 சென்ட் நிலம். சிட்டிகைக் கரிக்குள் 40 சென்ட். விசிஆரில் பார்த்த நாலணாவுக்குள் 47,000 மைக்ரோஃபாரட் எப்படி அடங்கியது என்பதற்கு இருபத்து மூன்று வருஷம் கழித்துப் பதில் கிடைத்தது.

பிறகு புளூடூத் ஸ்பீக்கர்கள் வரத் தொடங்கின. வாங்கி இரண்டு வருஷத்துக்குள் பழுதுக்கு வந்துவிடும். ஸ்குரூ இருக்காது, பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். கத்தியை விட்டுப் பிளந்தால் உள்ளே லித்தியம் செல் உப்பி, போர்டை நெம்பிக்கொண்டு நிற்கும். ஸ்பீக்கர், ஆம்ப், புளூடூத் எல்லாம் உயிரோடு இருக்கும். புது செல் போட்டுக் கொடுக்கலாம் என்றால், பிளந்த பெட்டியைத் திரும்ப ஒட்டவும் முடியாது. "தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிக்கங்க" என்று சொல்ல வேண்டியிருந்தது. பழுது பார்க்கிறவன் வாயிலிருந்து வரக்கூடாத வார்த்தை அது. ஒவ்வொரு முறை சொல்லும்போதும் உறுத்தியது. முதலில் சாகிற உறுப்பை எடுத்துவிட்டு ஒரு ஸ்பீக்கர் செய்து பார்த்துவிட வேண்டும் என்று 2018-இல் தீர்மானித்தேன்.

அக்கா மகன் அப்போது இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். 2.7 வோல்ட், 500 ஃபாரட் செல் ஆறு அவன்தான் ஆன்லைனில் வரவழைத்தான். ஒவ்வொன்றும் டார்ச் செல்லைவிடப் பருமன். கணக்குப் போட்டுவிட்டு முகம் வாடிப்போனான்.

"மாமா, ஒண்ணுல அரை வாட்-மணிதான் நிக்குது. ஆறும் சேர்ந்து மூணு. ஒரே ஒரு லேப்டாப் லித்தியம் செல்லுல ஒன்பது இருக்கு."

கணக்கு சரிதான். கொள்ளளவில் சூப்பர் கெப்பாசிட்டர் பேட்டரிக்குப் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் லித்தியம் செல் ஐந்நூறு முறை ஏற்றி இறக்கினால் தளர்ந்துவிடும், இது 5 லட்சம் முறை தாங்கும் என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். "பெரிய பாத்திரம் வேணாம்டா. அடிக்கடி ரொப்பிக்கலாம், ஓட்டை விழக்கூடாது. அப்படி ஒரு பாத்திரம்தான் வேணும்" என்றேன்.

வந்த செல்லை அப்படியே நம்பவில்லை. 500 ஃபாரட் செல்லுக்கு 1 ஆம்பியர் விட்டால் 0.1 வோல்ட் ஏற 50 வினாடி ஆக வேண்டும். கடிகாரத்தைப் பார்த்து ஒவ்வொன்றாக ஏற்றினோம். நான்கு செல் 50 வினாடியை ஒட்டி வந்தது. இரண்டு, 22 வினாடியிலேயே ஏறிவிட்டது. உள்ளே 220 ஃபாரட்தான், மேலே சுற்றிய தாளில் மட்டும் 500. அவற்றைத் திருப்பி அனுப்பிவிட்டு வேறு இடத்தில் வாங்கினோம். இந்தச் சோதனைக்கு மீட்டரும் கடிகாரமும் போதும். செய்யாமல் ஒரு செல்லைக்கூடப் போர்டில் ஏற்றாதீர்கள்.

ஆறையும் வரிசையாகச் சேர்த்து, 19 வோல்ட் லேப்டாப் அடாப்டரை, வோல்ட்டேஜை இறக்கும் ஒரு போர்டு வழியாகக் கொடுத்தோம். அடாப்டர் விளக்கு எரிந்தது, அணைந்தது, எரிந்தது, அணைந்தது. பேட்டரி காலியாக இருந்தாலும் அதில் ஏதோ கொஞ்சம் வோல்ட்டேஜ் நிற்கும். காலியான சூப்பர் கெப்பாசிட்டர் பூஜ்யம் வோல்ட். அடாப்டரின் கண்ணுக்கு அது வெறும் ஷார்ட் சர்க்யூட். எவ்வளவு கேட்டாலும் இவ்வளவுதான் தருவேன் என்று கரன்ட்டைக் கட்டுப்படுத்துகிற போர்டு வேண்டும். எக்ஸ்எல்4015 ஐசி போட்ட போர்டில் இரண்டு திருகுகள் உண்டு, ஒன்று வோல்ட்டேஜுக்கு, ஒன்று கரன்ட்டுக்கு. 3 ஆம்பியரில் திருகி வைத்தேன். அடாப்டர் அடங்கி, ஒரே சீராக எரிந்தது.

அடுத்த பாடத்துக்கு ஒரு செல்லைப் பலி கொடுத்தேன். வரிசையில் நிற்கும் ஆறு செல்லும் அச்சில் வார்த்தது மாதிரி ஒரே அளவில் இருப்பதில்லை. கொள்ளளவு குறைந்த செல் மற்றவற்றுக்கு முன்னால் நிறைந்துவிடும். மொத்தம் 16.2 வோல்ட் என்று பார்த்துத் திருப்தியாக இருந்தேன். மூன்றாம் நாள் ஒரு செல்லின் தலை லேசாக மேடு தட்டியிருந்தது. அதில் மட்டும் 3.1 வோல்ட். அன்றே பேலன்ஸ் போர்டு போட்டேன். எந்த செல் 2.7-ஐத் தாண்டப் பார்க்கிறதோ, அந்த செல்லுக்கு மேலே உள்ள சிவப்பு விளக்கு எரிந்து, கூடுதல் கரன்ட்டை ரெசிஸ்டர் வழியாகக் கழித்துவிடும். கூடவே மொத்தத்தையும் 15 வோல்ட்டில் நிறுத்தினேன். செல்லுக்கு இரண்டரை. சூடும் வோல்ட்டேஜும்தான் இதற்கு எமன். பத்து டிகிரி கூடினால் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும், கொஞ்சம் வோல்ட்டேஜைக் குறைத்தால் ஆயுள் நீளும். எங்கள் ஊர் சித்திரை வெயிலுக்கு அந்தச் சலுகை அவசியம்.

கையில் மோதிரம் போட்டுக்கொண்டு இந்த வேலையைச் செய்யக் கூடாது. ஒருநாள் என் ஸ்குரூ டிரைவர் நழுவி இரண்டு முனைகளுக்கும் குறுக்கே விழுந்தது. வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக வந்தன. எடுத்துப் பார்த்தால் ஸ்குரூ டிரைவர் நுனியில் அரை அங்குலம் காணவில்லை. 15 வோல்ட்தான், தொட்டால் ஷாக் அடிக்காது. ஆனால் ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியரை ஒரே மூச்சில் கக்கிவிடும். விரலில் மோதிரம் இருந்து அது குறுக்கே போயிருந்தால் விரலே வெந்திருக்கும். அன்றிலிருந்து வேலை செய்யும் முன் 24 வோல்ட் லாரி பல்பைக் குறுக்கே மாட்டி, அது மங்கி மங்கி அணையும் வரை காத்திருக்கிறேன்.

இருப்பு மூன்று வாட்-மணிக்கும் குறைவு என்றால், செலவைத்தான் சுருக்க வேண்டும். முதலில் கைப்பழக்கத்தில் எல்ஏ4440 போர்டை மாட்டினேன். தமிழ்நாட்டில் அந்த ஐசி பாடாத டீக்கடை கிடையாது, எனக்கும் பல வருஷம் சோறு போட்டது. ஆனால் பாட்டே இல்லாமல் சும்மா இருக்கும்போதே அது 100 மில்லி ஆம்பியர் குடிக்கிறது, அதுவே ஒரு வாட்டுக்கு மேல். ஒரு மணி நேரம்கூட ஓடவில்லை. டிபிஏ3110 போட்ட கிளாஸ்-டி போர்டுக்கு மாறினேன். அது வெளியீட்டை நொடிக்கு லட்சக்கணக்கான முறை சுவிட்ச் போல் திறந்து மூடுவதால் சூடாகிக் கரன்ட்டை வீணாக்குவதில்லை. சும்மா இருக்கும்போது அதில் பாதிகூடக் குடிக்கவில்லை. 8 வோல்ட்டுக்கு இறங்கும்வரை அது ஓடும்.

பாதி வெற்றி அதில் என்றால் மீதி வெற்றி ஸ்பீக்கரில். முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய செட்டிநாட்டு வீட்டுச் சாமான்கள் விற்கிறார்கள். கூடு உளுத்துப்போன ஒரு வால்வு ரேடியோவில் 8 அங்குல ஸ்பீக்கர் ஒன்று கிடைத்தது. கோனில் ஓட்டை இல்லை, விரலால் மெல்ல அழுத்தினால் உரசாமல் போய் வந்தது. அந்தக் காலத்தில் ஒரு வால்வு கொடுத்த இரண்டு மூன்று வாட்டில் முற்றம் முழுக்கக் கேட்க வேண்டும். அதற்காக மெல்லிய காகிதக் கோன் போட்டு, கொஞ்சம் தட்டினாலும் பாடுகிற மாதிரி செய்தார்கள். இன்றைய சின்ன ஸ்பீக்கர்கள் சின்னப் பெட்டிக்குள் பேஸ் வரவேண்டும் என்பதற்காகக் கனமான கோனைத் தள்ளுகின்றன. ஒரு ஸ்பீக்கர் 6 டெசிபல் குறைவாகப் பாடினால், அதே சத்தத்துக்கு நான்கு மடங்கு வாட் கொடுக்க வேண்டும். என் இருப்பில் நான்கு மடங்குக்கு எங்கே போவது? மின்சாரம் அரிதாக இருந்த காலத்தில் செய்த அந்த ஸ்பீக்கர், மின்சாரம் அரிதான என் பெட்டிக்குப் பொருந்திப்போனது.

முதலில் நாலு பக்கமும் மூடிய பெட்டிக்குள் வைத்தேன். மூக்கடைத்தவன் பாடுவது போல் இருந்தது. வால்வு செட்டின் பின்பக்கம் ஏன் துளை போட்ட அட்டையாக இருந்தது என்று அப்போதுதான் நினைவு வந்தது. பின்பலகையைக் கழற்றினேன். குரல் சட்டென்று வெளியே வந்தது. முன்பலகைக்குப் பழைய கதவொன்றின் பர்மா தேக்கு. அது அகலமாக இருந்தால்தான் பின்னால் கிளம்பும் காற்று சுற்றி வந்து முன்னால் வரும் பேஸைத் தின்னாமல் இருக்கும். ஒன்றரை அடிக்கு ஒன்றேகால் அடி வைத்தேன்.

கடைசித் தொல்லை புளூடூத் போர்டு. பாட்டு நின்றதும் உள்ளே ஒரு வண்டு ரீங்கரித்தது. போன் இணையும்போது கீச்சுக் கீச்சென்றது. போர்டுக்கும் ஆம்புக்கும் ஒரே கிரவுண்டு. டிஜிட்டல் வேலையின் குப்பையெல்லாம் அந்த வழியாக ஆம்புக்குள் போகிறது. கண்டென்சர் போட்டேன், காயில் போட்டேன், மூன்று இரவு போனது. பி0505எஸ் என்று நான்கு கால் கொண்ட கறுப்புக் கட்டி ஒன்று இருக்கிறது. 5 வோல்ட் வாங்கி 5 வோல்ட்டே கொடுக்கும், நடுவில் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் இருப்பதால் இரண்டு கிரவுண்டும் தொடாது. அதைப் புளூடூத் போர்டின் சப்ளையில் போட்ட நொடியில் வண்டு போய்விட்டது. ஸ்பீக்கரில் காதை வைத்துப் பார்த்தேன். காகிதத்தின் மௌனம் மட்டும் இருந்தது.

பெட்டி முடிந்த அன்று பக்கத்துக் கடையில் டீ சொல்லிவிட்டு அடாப்டரைச் செருகினோம். டீ வருவதற்குள், மூன்றேகால் நிமிடத்தில், 8 வோல்ட்டிலிருந்து 15-க்கு ஏறி நின்றுவிட்டது. கடையில் கேட்கிற அளவு சத்தத்தில் மீட்டர் ஒரு வாட்டை ஒட்டிக் காட்டியது. ஒரு மணி நாற்பத்தைந்து நிமிடம் பாடியது. வோல்ட்டேஜ் தொட்டித் தண்ணீர் மாதிரி சீராக இறங்கிக்கொண்டே போனாலும் பாட்டின் அளவு குறையவில்லை. கூட்டி வைத்தால் எட்டுகிற உச்சம் மட்டும்தான் குறைகிறது.

இது எல்லாருக்குமான பெட்டி இல்லை. நாள் முழுக்க வெளியே கொண்டுபோய்ப் பாடவிட லித்தியமே சரி. நான்கு நாள் சும்மா கிடந்தால் இதில் ஏற்றியது தானாகவே கொஞ்சம் கசிந்துவிடும். விலையும் அதிகம். ஆனால் அடுப்படியில், திண்ணையில், கடையில் ஒரு மணி நேரம் பாடி, ஒரு டீ நேரத்தில் நிறைகிற பெட்டி வேண்டும் என்பவர்களுக்கு இதுவரை பதினொன்று செய்து கொடுத்திருக்கிறேன். அதில் ஒன்று எண்பது வயது ஆச்சி ஒருவருக்கு. அவர் வீட்டு வால்வு செட்டைத்தான் முதல் வருஷம் அண்ணனோடு போய்ச் சரிபார்த்தேன். அந்த செட்டின் ஸ்பீக்கரையே கழற்றி இந்தப் பெட்டியில் வைத்தேன். "குரல் மாறல தம்பி" என்றார்.

போன மாதம் அக்கா மகன் வந்திருந்தான். பெங்களூரில் வேலை. முதல் பெட்டி கடையில் பாடிக்கொண்டிருந்தது. மீட்டரை வைத்துப் பார்த்தான். ஐந்து வருஷத்துக்கு மேலாகியும் கொள்ளளவு பெரிதாக இறங்கவில்லை. அண்ணனின் கேள்வியை அவனிடம் கேட்டேன். "இதுல எது முதல்ல சாகும்?"

யோசித்தான். "சுவிட்ச், மாமா. அப்புறம் புளூடூத் போர்டு. போன் மாறிக்கிட்டே இருக்கு, ஒருநாள் இது பழசாயிடும்."

எனக்கும் அதே பதில்தான். அதனால் புளூடூத் போர்டைச் சால்டர் செய்யாமல் சாக்கெட்டில் செருகி வைத்திருக்கிறேன். எல்லாமே ஸ்குரூ, பசை ஒரு சொட்டுக்கூட இல்லை. வால்வு செட் செய்தவர்கள் சர்க்யூட் படத்தைக் கூட்டின் உள்ளே ஒட்டி வைப்பார்கள். அதைப் பார்த்துத்தான் அண்ணன் எனக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். என் பதினொரு பெட்டியிலும் உள்பக்கம் படம் வரைந்து ஒட்டியிருக்கிறேன். எந்தத் திருகு எத்தனை ஆம்பியர், எந்த வோல்ட்டில் நிறுத்த வேண்டும், திறக்கும் முன் லாரி பல்பு மாட்டு, மோதிரத்தைக் கழற்று என்று தமிழில் எழுதி, அதன்மேல் வார்னிஷ் பூசியிருக்கிறேன். அடுத்து அதைத் திறக்கிறவர் யாரென்று எனக்குத் தெரியாது. திறக்கிறவருக்குப் படிக்க முடிய வேண்டும்.